நாவற்கனியும் நாமமும்

மகோற்சவ காலங்களிலே சிவாச்சாரியார் கையில் தருப்பையும் அட்சதையும் ஏந்திச் சங்கல்பம் செய்யத் தொடங்கியதும், அன்றைய உபயகாரர் குடும்பத்தினர் கைகூப்பியபடி காதைக் கூர்மையாக்கி நிற்பார்கள். தங்கள் கோத்திரம், தங்கள் நட்சத்திரம், தங்கள் பெயர் எப்போது வரும் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. தகப்பன் பெயரை ஐயர் சரியாகச் சொன்னாரா, வெளிநாட்டிலிருக்கும் மகனின் பெயர் விடுபட்டதா என்பதிலே கவனம் நிற்கும். அதற்கு முன்னாலே செல்லும் நீண்ட வடமொழித் தொடர் ஏதோ மந்திரம் என்ற அளவில் காதோடு போய்விடும்.

அந்தத் தொடர் வெறும் ஓசையன்று. அஃது ஒரு விலாசம். கற்பம், மன்வந்தரம், யுகம் என்று காலத்தைச் சொல்லி, பின்னர் எந்த இடத்தில் இருந்து இந்த விண்ணப்பம் செய்யப்படுகிறது என்பதை இறைவனுக்கு அறிவிக்கின்றது. கடிதத்திலே முகவரி எழுதுபவர் வீட்டுப் பெயரில் தொடங்கி நாட்டில் முடிப்பார். சங்கல்பமோ மிகப் பெரியதிலே தொடங்கி, சுருங்கிச் சுருங்கி, கடைசியிலே கைகூப்பி நிற்கும் அந்த ஒரு அடியவரின் பெயரிலே வந்து நிற்கின்றது. இட விலாசத்தின் தொடக்கத்தில் வருகின்ற சொல் ‘ஜம்பூத்வீபே’ என்பது. ஜம்பு என்பது நாவல். ஜம்பூத்வீபே என்றால் நாவலந்தீவிலே என்பது பொருள்.

அதாவது மதிலோரத்தில் உதிர்ந்து கிடந்து, வருவோர் போவோர் காலில் மிதிபட்டு, வேட்டியிலும் சட்டையிலும் கறை பிடிப்பிக்கும் அதே நாவற்பழந்தான். அப்பிளும் முந்திரிகையும் அடுக்கி வைத்திருக்கும் பழக்கடையிலே அதற்கு ஓர் இடமும் கிடையாது. நீரிழிவு வந்தவர் நாவற்கொட்டைத் தூள் தேடும்போதுதான் அந்த மரம் பலருக்கு நினைவுக்கு வருகின்றது. அத்தகைய பழத்தின் பெயரே, கோத்திரத்துக்கும் குலத்துக்கும் முன்னதாக, ஒவ்வொரு சங்கல்பத்திலும் இறைவன் திருமுன்னிலே சொல்லப்படுகின்றது. ஒரு சாதாரணப் பழத்தின் பொதுப்பெயர் எவ்வாறு ஒரு பெருநிலத்தின் பெயராயிற்று, எவ்வாறு மொழிக்கு மொழி நடந்து ஊராகவும் அடியவராகவும் ஈற்றிலே ஆண்டவனின் திருநாமமாகவும் ஆயிற்று என்பது அடியவர்கள் அறிந்திருக்க வேண்டியதொன்று.

புராணங்கள் உலகை ஏழு தீவுகளாக வகுத்துக் கூறுகின்றன. அவற்றுட் பலவற்றுக்கு அரசர் பெயரில்லை, வீரர் பெயரில்லை. மரஞ்செடிகளின் பெயரே இடப்பட்டுள்ளன. இலவ மரத்தின் பெயரால் சான்மலித் தீவு. தருப்பைப் புல்லின் பெயரால் குசத் தீவு. நடுவிலே மேருவைக் கொண்டு விளங்குவது நாவலின் பெயரால் அமைந்த ஜம்புத் தீவு. விஷ்ணு புராணம் அந்த நாவல் மரத்தை விரித்துரைக்கும்போது, அதன் கனிகள் யானையளவு பெரியன என்றும், அவை கனிந்து மலையுச்சியிலே விழுந்து சிதற, அவற்றின் சாறு ஓர் ஆறாகப் பெருகி ஓடுகின்றது என்றும், அச்சாறு தோய்ந்த கரைமண் காற்றிலே உலர்ந்து பொன்னாகின்றது என்றும் கூறும். அந்தப் பொன்னுக்கு ஜாம்பூநதம் என்று பெயர். தமிழிலே அது சாம்பூநதம். நால்வகைப் பொன்னுள் ஒன்றாகச் சிலப்பதிகாரத்து மதுரை நகரக் கடைத்தெருவிலே அது பேசப்படுகின்றது. தெருவில் விழுந்தால் கறை என்று முகஞ்சுளிக்கப்படும் சாறு, புராணத்திலே பொன்னாகிவிடுகின்றது.

இந்தப் பெயர் புராணத்துக்குள்ளே மட்டும் அடங்கி நின்றதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே அசோக மன்னன் பாறைகளிலே பொறித்த சிறு கல்வெட்டுச் சாசனத்திலே தன் நிலப்பரப்பைக் குறிக்க ஜம்புதீபம் என்ற பெயரையே பிராகிருத மொழியில் ஆண்டான். புத்த சமயத்தவரும் சமணரும் அதே பெயரைத் தங்கள் நூல்களிலே எடுத்துச் சென்றனர். அதன் பின்னர் அந்தப் பெயர் போன தூரம் வியப்புக்குரியது. சீனத்துத் துறவிகள் நூல்களை மொழிபெயர்த்தபோது பழத்தின் பெயரை மொழிபெயர்க்கவில்லை. கேட்ட ஓசையை அப்படியே தம் எழுத்திலே பிடித்து ‘யென்ஃபூதி’ என்று எழுதிக்கொண்டனர். தாய்லாந்து மக்கள் அதை ‘சொம்பூ தவீப்’ என்றனர். அங்கே சொம்பூ என்பது ஒருவகைப் பழத்துக்கும் பெயர், இளஞ்சிவப்பு நிறத்துக்கும் பெயர்.

திபெத்தியரும் தமிழரும் செய்ததுதான் சுவையானது. குளிர்ந்த பீடபூமியிலே வாழும் திபெத்தியரின் மண்ணில் நாவல் வளராது. ஆகவே அவர்கள் ‘ஜம்பு’ என்ற ஓசையை அப்படியே வைத்துக்கொண்டு, தீவு என்னும் பகுதியை மட்டும் தம் மொழிச் சொல்லாலே பெயர்த்து ‘ஜம்புலிங்’ என்றனர். (இதனை ஜம்புலிங்கம் என்று மயங்கலாகாது, அவர்களின் ‘லிங்’ நிலத்தைக் குறிப்பது.) தமிழர் அதற்கு நேர்மாறாகச் செய்தனர். தீவு என்பது துவீபம், தீபம் என்பவற்றின் வழிவந்த சொல். அதை வைத்துக்கொண்டு, பழத்தின் பெயரைத் தமிழாக்கி ‘நாவலந்தீவு’ என்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே அதுவும் போய், தீவு என்பதற்குப் பதிலாகப் பொழில் என்ற சொல் வந்து, நாவலந்தண்பொழில் என்று முழுத் தமிழாகவே நிற்கின்றது. மற்றவர்களுக்கு அது தூரத்து நாடொன்றின் பெயர். தமிழருக்கோ அந்த மரம் ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நின்றது. பழத்தைத் தின்று நாக்கு நீலமான பிள்ளைகள் வீட்டிலே இருந்தார்கள். தெரிந்த பழத்துக்குத் தெரிந்த பெயரை இட்டு அழைத்தார்கள்.

ஈழத்திலே இந்தச் சொல் இன்னொரு வழியாகவும் நடந்திருக்கின்றது. பழைய சிங்களத்திலே ஜகர ஓசை பல சொற்களில் தகரமாகத் திரிந்தது. அவ்வாறு ஜம்பு ‘தம்ப’ ஆயிற்று. ஜம்புதீபம் ‘தம்பதிவ’ ஆயிற்று. புத்தகயாவுக்கும் சாரநாத்துக்கும் யாத்திரை செல்லும் சிங்கள மக்கள் தம்பதிவ யாத்திரை போகிறோம் என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பர். பத்திரிகைகளிலும் அப்படியே வரும். அவர்கள் சொல்வதும் நாவலந்தீவைத்தான். 13ஆம் நூற்றாண்டிலே அரசிருக்கையாக விளங்கிய தம்பதெனியவும் பாளி நூலிலே ஜம்புத்தோணி என்றே எழுதப்பட்டது. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கியதாக மகாவம்சம் கூறும் ஜம்புகோளப் பட்டினத்தை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையிலே மாதகலை அடுத்த சம்பில்துறையாக ஆய்வாளர் காண்பர். சிங்களத்தில் அது தம்பகோளபட்டுன. இரண்டு மொழிகள், இரண்டு வடிவங்கள். உள்ளே கிடப்பது அதே பழம்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். தம்பதிவ என்று சிங்களத்திலே சொல்லும்போது கடலுக்கு அப்பாலுள்ள இந்திய நாடே கருதப்படுகின்றது; இலங்கை அதற்குப் புறம்பானது. ஆலயத்துச் சங்கல்பத்திலே வரும் ஜம்பூத்வீபமோ புராணம் வகுத்த அந்த விரிந்த நிலப்பரப்பு. ஒரே பெயர் ஒருவருக்கு யாத்திரை போய்ச் சேரும் இடமாகவும், மற்றவருக்கு நின்று தொழும் இடமாகவும் பொருள்படுகின்றது. இதிலே எது சரி என்று வாதிட ஒன்றுமில்லை; பெயர்களின் இயல்பு அது. பழத்தின் பெயரிலேயே இந்த மாற்றம் நடந்திருக்கின்றதே! ஈழத்துச் சந்தையிலே ‘ஜம்பு’ என்று கேட்டால் மணி போன்ற சிவந்த நீர்ப்பழத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். வட இந்தியர் ஜாமூன் என்று கேட்டால் நாவற்பழம் கிடைக்கும். பாணியிலே ஊறிய குலாப் ஜாமூன் உருண்டைக்கும் அந்தப் பழத்தின் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது.

பெயர்களை ஆராயப் புகுவோர் சில இடங்களிலே நிதானிக்கவும் வேண்டும். சம்பு என்று சிவபெருமானுக்கு ஒரு திருநாமம் உண்டு. அது இன்பத்தைத் தருபவன் என்னும் பொருளில் வருவது. நாவலோடு அதற்கு உறவில்லை. வடவெழுத்தை நீக்கித் தமிழிலே எழுதும்போது ஜம்புவும் சம்பு ஆகிவிடுவதால், இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அவ்வாறே ‘நாவலர்’ என்ற பட்டத்தையும் நாவற்பழத்தோடு முடிச்சுப் போடலாகாது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் நல்லூர் ஆறுமுக நாவலருக்கு வழங்கிய அப்பட்டம் நாவன்மை பற்றியது. நாவிலே வல்லவர் நாவலர்.

பழனியின் கதை இன்னொரு விதம். மாங்கனிக்காக உலகை வலம்வந்த முருகன் கோபித்துக்கொண்டு மலையேறியபோது, ‘பழம் நீ’ என்று சொல்லித் தேற்றியதாலே பழனி என்ற பெயர் வந்ததென்று ஒவ்வொரு ஆலயத்திலும் சொல்லப்படுகின்றது. அத்தலத்தின் பழைய பெயர் ஆவினன்குடி. அகநானூற்றிலே வரும் பொதினி என்னும் பெயரே பழனியாயிற்று என்று கூறும் அறிஞர்களும் உளர். அப்படியாயின் ஊரின் பெயருக்குள்ளே பழம் பின்னர் வந்து புகுந்ததாகும். புகுத்தியது அடியவர்களின் அன்பு. அவ்வாறு புகுந்த பழத்தை இனி எந்த ஆராய்ச்சியாலும் வெளியே எடுக்க முடியாது. நாவலின் நிலை வேறு. அங்கே பழம் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றது. மக்கள்தான் அதை மறந்துவிட்டார்கள்.

பழத்தின் பெயர் ஆண்டவனின் திருநாமமாகவே ஆகிய தலம் திருவானைக்கா. பஞ்சபூதத் தலங்களுள் அப்புத் தலமாகிய அங்கே, கருவறையிலே நீர் ஊறிக்கொண்டே இருக்கும். சுவாமிக்குப் பெயர் ஜம்புகேஸ்வரர். நாவலுக்கு ஈஸ்வரர் என்பது பொருள். வெண்ணாவல் தலவிருட்சம். திருஞானசம்பந்தப் பெருமானும் தமது பதிகத்திலே இறைவனை வெண்ணாவலின் கீழ் அமர்ந்தவராகவே கண்டு பாடியிருக்கிறார். யானையும் சிலந்தியும் போட்டியிட்டு வழிபட்டது அம்மரத்தடியிலேதான் என்பதும், அந்தச் சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பதும் அடியவர்கள் நன்கறிந்த கதை. அதைவிடக் குறைவாகச் சொல்லப்படுவது ஜம்பு முனிவரின் கதை.

காவிரிக் கரையிலே நாவற்காட்டில் தவமிருந்தவர் அம்முனிவர். ஒருநாள் மிக அருமையான ஒரு நாவற்கனி அவர் கைக்கு எட்டியது. தானே உண்ண மனமில்லாமல், அதைக் கொண்டுபோய்க் கயிலையிலே சிவபெருமான் திருமுன் வைத்தார். நாவற்கனி பெரிய நைவேத்தியமா? பெருமான் அதை ஏற்று உண்டு, விதையை உமிழ்ந்தார். கனியைக் கொடுத்தவர் அந்த விதையைக் கீழே விழவிடவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, அதுவே பிரசாதம் என்று வாயிலிட்டு விழுங்கிவிட்டார். நாவற்கொட்டையை எவரும் விழுங்குவதில்லை, துப்புவதே வழக்கம். முனிவர் விழுங்கினார். வயிற்றுக்குள்ளே போன விதை முளைத்தது. வேர் கீழே இறங்கி, கிளை மேலே எழுந்து, தலையைப் பிளந்துகொண்டு மரமாக நின்றது. என்ன செய்வதென்று முனிவர் பெருமானையே கேட்க, ‘காவிரிக் கரைக்கே போ. அங்கே நீ மரமாக நில். உன் நிழலிலே யாம் வந்து அமர்வோம்’ என்று அருளினார் என்பது தலபுராணம்.

இந்தக் கதையிலே பெயர் எப்படிக் கைமாறிப் போகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். முதலில் ஜம்பு என்பது பழம். பின் அது முனிவர். பின் அவரே மரம். பின் மரத்தின் நிழலிலே அமர்ந்தவர் ஜம்புகேஸ்வரர். அதன் பின்னரே ஜம்புலிங்கம், ஜம்புநாதன் என்று மக்களின் பிள்ளைகளுக்குப் பெயராகின்றது. பழத்தின் பெயரைச் சுவாமி தமக்கு இட்டுக்கொண்டது, எச்சில் விதை என்று தள்ளாமல் ஏந்திய ஒரு அடியவராலே என்றுதான் தலபுராணம் சொல்கின்றது. அருகிலே எழுந்தருளியிருக்கும் அம்பாளின் திருநாமமோ அகிலாண்டேஸ்வரி. எல்லா அண்டங்களுக்கும் நாயகி. ஒரு சந்நிதியிலே அண்டமெல்லாம், மறு சந்நிதியிலே ஒரு நாவற்பழம்.

பழத்தின் பெயர் அடியவருக்கு வந்ததற்கும் சான்றுண்டு. திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூர். அங்கும் நாவலே தலவிருட்சம். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் நம்பியாரூரர். ஆனால் அவர் தம் பதிகங்களிலே தம்மை நாவலூரன் என்று சொல்லிக்கொள்வதிலே ஒரு தனி விருப்பம் உடையவர். மரத்தாலே ஊருக்குப் பெயர், ஊராலே அடியவருக்குப் பெயர்.

நாவற்கனியை ஏந்தியவர் கதை அதுவானால், மிதித்தவர் கதை மணிமேகலையிலே இருக்கின்றது. அது பௌத்த காப்பியமாயினும், நயினாதீவை மணிபல்லவமாகக் கொண்டாடும் ஈழத்தவருக்கு அந்நியமான நூலன்று. அக்காப்பியத்திலே புகார் நகரின் காவல் தெய்வத்துக்கே சம்பு என்று பெயர். நாவலந்தீவைக் காக்கும் தெய்வம் அவள். அங்கேதான் காயசண்டிகை வருகின்றாள்.

காயசண்டிகை விஞ்சையர் மகள். ஆகாயத்திலே பறந்து செல்லும் ஆற்றல் உடையவள். கணவன் காஞ்சனனோடு பொதியில் மலையைக் காண வந்தவள், ஒரு காட்டாற்றங்கரையிலே இறங்கினாள். அந்த இடத்திலே விருச்சிகன் என்னும் முனிவர் தவமிருந்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே உண்பவர் அவர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரேயொரு கனி தரும் நாவல் மரம் ஒன்றிலிருந்து, பனங்காய் பருமனில் விழுந்த அந்தக் கனியைத் தேக்கிலையிலே வைத்துவிட்டு நீராடப் போயிருந்தார். காயசண்டிகை வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. அழகைப் பார்த்தபடி, தன் நடையிலே தான் மகிழ்ந்தபடி வந்தாள், கீழே பார்க்கவில்லை, காலால் மிதித்துக் கனியைச் சிதைத்துவிட்டாள். திரும்பி வந்த முனிவர், தாம் அடுத்த கனியை உண்ணும்வரை, இன்னும் பன்னிரண்டு ஆண்டு, யானைத்தீ என்னும் பெரும்பசியிலே அவள் வாட வேண்டுமென்று சபித்தார். பறக்கும் மந்திரம் அவளுக்கு மறந்து போயிற்று. காயும் கனியும் கிழங்குமாகக் கணவன் தேடித்தேடிக் கொடுத்தான். எவ்வளவு உண்டும் பசி தீரவில்லை. ஈற்றிலே புகார் நகரத்துக்கு வந்து கையேந்தித் திரிந்தாள்.

முனிவரின் கோபம் அளவுக்கு மிஞ்சியது என்று வாசிப்பவர்க்குத் தோன்றலாம். தெரியாமல் வைத்த ஓர் அடிக்குப் பன்னிரண்டு ஆண்டா? ஆனால் சாத்தனார் இங்கே தண்டனையை மட்டும் சொல்லவில்லை, பசியைச் சொல்கின்றார். அந்தக் கனி ஒருவரின் பன்னிரண்டு ஆண்டுப் பசிக்கு உணவு. மிதித்தவளுக்கு அது கீழே கிடந்த பழம். முனிவர் தமக்கு நேரவிருந்த பசியையே அவள் வயிற்றுக்கு மாற்றினார். அப்பசியைத் தீர்த்தது, மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலே மணிமேகலை பெற்ற அமுதசுரபி. முதற் பிச்சையை ஆதிரையிடம் ஏற்ற பின், மணிமேகலை அள்ளிக் கொடுத்த உணவிலே காயசண்டிகையின் யானைத்தீ அடங்கியது. நயினாதீவுக்குப் படகேறும் அடியவர்கள் அமுதசுரபியை நினைப்பார்கள். அதனாலே பசி தீர்ந்தவளின் துன்பம் ஒரு நாவற்கனியிலே தொடங்கியது என்பதை நினைப்பவர் குறைவு.

ஔவையார் கதையைத் திருவிழாக் காலச் சொற்பொழிவுகளிலே கேளாதவர் இல்லை. மாடு மேய்க்கும் சிறுவனாக நாவல் மரத்திலே இருந்த முருகன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டதும், மண்ணிலே விழுந்த பழத்தைப் பாட்டி ஊதியதும், ‘பழம் சுடுகிறதோ?’ என்று அவன் சிரித்ததும் சிறுவர்க்கும் மனப்பாடம். அதில் ஔவை தோற்றாள் என்றுதான் எல்லோரும் முடிப்பார்கள். அவள் குனிந்து பொறுக்கினாள், மண்ணை ஊதினாள், உண்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். காயசண்டிகைக்குக் கிடைக்காத தரிசனம் ஔவைக்குக் கிடைத்தது.

ஈழத்திலே நாவலைப் பெயரிலே சுமக்கும் ஊர்கள் பல உண்டு. யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் வழியிலே நாவற்குழி. வேறிடங்களிலே நாவற்காடு. மட்டக்களப்பிலே கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த நாவலடி. 2004 டிசெம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அந்த நாவலடியை ஒரு காலைப் பொழுதிலே துடைத்துச் சென்றது. வீடுகளும் மரங்களும் மனிதரும் போன பின்னரும் பெயர் அங்கேயே நின்றது. ஆண்டுதோறும் அந்த நாளிலே உறவுகளை இழந்தோர் சுடரேற்றும்போது அந்தப் பெயரைத்தான் சொல்லி அழுகிறார்கள். முதன்முதலில் எந்த நாவலின் அடியிலே யார் இளைப்பாறினார்களோ, அந்த மரத்தை இன்று எவரும் காட்ட முடியாது.

அலை கொண்டுபோனதைப் பற்றிக் குறைசொல்ல எவருமில்லை. கையால் வெட்டியதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பல ஆலயங்களிலே கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கியதும் முதலில் விழுவது வீதியோரத்து மரம். வெளிவீதிக்குச் சீமெந்துக் கல் பதிக்க வேண்டும், வாகனம் நிறுத்த இடம் வேண்டும், இலை கூட்டுவதற்கு ஆளில்லை என்று காரணங்கள் வரும். நாவலுக்குக் கூடுதலாக ஒரு குற்றச்சாட்டு உண்டு: பழம் விழுந்து கல்லிலே கறை பிடிக்கிறதாம். தேர் இழுக்கும் வீதியிலே கறை படியலாமா என்பர். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் அவ்வாறு மரத்தைத் தறித்த ஆலயத்திலும் அடுத்த நாட் சங்கல்பத்தில் ஜம்பூத்வீபே என்றுதான் சொல்லப்படும். நாவலில்லாத வீதியிலே நின்று நாவலந்தீவிலிருந்து விண்ணப்பிக்கிறோம் என்று இறைவனிடம் சொல்வது என்ன விலாசம்?

மரம் இன்னும் நிற்கும் ஆலயங்களிலே செய்யக்கூடியது எளிது. விநாயகப் பெருமானுக்கு உகந்த கனிகளாகச் சுலோகத்திலே விளாம்பழத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது நாவற்பழம். பழம் உதிரும் நாட்களிலே அதிகாலையில், வீதி கூட்டுவதற்கு முன்னர், பழைய வேட்டி இரண்டை மரத்தடியிலே விரித்துவிட்டால், கல்லிலும் கறை படியாது, பழத்திலும் மண் ஒட்டாது. கிளையைக் குலுக்கச் சிறுவர்கள் தாமாகவே வருவார்கள். அவர்களை ஒருவரும் அழைக்க வேண்டியதில்லை. நல்ல பழங்களைத் தெரிந்து, உப்புநீரிலே அலசி, முதற் தட்டைப் பிள்ளையார் சந்நிதிக்கு அனுப்பலாம். பூசை முடிந்ததும் அது பிரசாதமாகத் திரும்பி வரும். மீதிப் பழம் பொறுக்கிய பிள்ளைகளுக்கு. இரண்டு நாளைக்கு அவர்களின் நாக்கு கருநீலமாக இருக்கும். அடுத்த உபயத்திலே ஐயர் ஜம்பூத்வீபே என்று தொடங்கும்போது, அருகில் நிற்கும் பெரியவர் ஒருவர் குனிந்து ‘அது அன்றைக்கு நீ தின்ற பழம்தான்’ என்று அந்தப் பிள்ளையின் காதிலே சொல்லிவிட்டாற் போதும்.